விமானப்படை விமானிக்கு வயது வரம்பு 24. கதவு சாத்துவதோ 23-க்குள்

இந்திய விமானப்படையில் விமானி ஆக நினைக்கும் பலர் நுழைவுத் தேர்வில் தோற்பதில்லை, நாட்காட்டியில் தோற்கிறார்கள். "24 வயது வரை விண்ணப்பிக்கலாம்" என்று யாரோ சொன்னதை நம்பி, பட்டம் முடித்து ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து பார்த்தால் கதவு சாத்தியிருக்கும். இன்னொரு கூட்டம், டிஎன்பிஎஸ்சி போல இங்கேயும் சாதிவாரியாக வயது தளர்வு இருக்கும் என்று நினைத்துக் காத்திருக்கும். இரண்டுமே தவறான கணக்கு. எந்த வயதில் எதைச் செய்ய வேண்டும், தளர்வு உண்மையில் யாருக்கு, எந்த ஆவணம் இல்லாவிட்டால் வயது இருந்தும் பயனில்லை என்பதை வரிசையாகச் சொல்கிறோம். பதினொன்றாம் வகுப்பில் சேரப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்றே படிக்க வையுங்கள்.

1. உங்கள் கடைசி வாய்ப்பு எது என்று முதலில் கணக்கிடுங்கள்

வயது எந்த நாளில் கணக்கிடப்படுகிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. விண்ணப்பிக்கும் நாளிலோ தேர்வு எழுதும் நாளிலோ அல்ல. பயிற்சி தொடங்கும் ஜனவரி 1 அல்லது ஜூலை 1 அன்று. அந்தப் பயிற்சிக்கான விண்ணப்பமோ ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே முடிந்துவிடும்.

பட்டதாரிகளுக்கான பறக்கும் பிரிவில் வரம்பு 20 முதல் 24. ஓர் எடுத்துக்காட்டு. பட்டதாரிகளுக்கு விமானப்படை நடத்தும் நுழைவுத் தேர்வுக்குப் பெயர் அஃப்கேட். 2026-இன் முதல் அஃப்கேட் தேர்வு 2027 ஜனவரியில் தொடங்கும் பயிற்சிக்கானது. அதற்கு 2003 ஜனவரி 2 முதல் 2007 ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் தகுதியானவர்கள். இரண்டு தேதிகளும் இதில் அடங்கும். 2003 ஜனவரி 1 அன்று பிறந்தவருக்குப் பயிற்சி தொடங்கும் நாளில் 24 நிறைந்துவிடுவதால் இடமில்லை. ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம், ஆனால் அந்த ஒரு நாளுக்கு எந்த மனுவும் எடுபடாது.

இப்போது 2003 மார்ச் 15 அன்று பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 24 நிறைவது 2027 மார்ச்சில். இன்னும் காலம் இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் 2026-இன் இரண்டாவது அஃப்கேட், 2027 ஜூலைப் பயிற்சிக்கானது. அதற்கு 2003 ஜூலை 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். ஆக அவருடைய கடைசி வாய்ப்பு 2026-இன் முதல் அஃப்கேட். அதற்கு விண்ணப்பம் 2025-இன் இறுதி வாரங்களிலேயே முடிந்துவிடும். அப்போது அவருக்கு வயது 22-உம் ஒன்பது மாதமும்.

இதே கணக்கை எந்தப் பிறந்த தேதிக்குப் போட்டாலும், கடைசி விண்ணப்பம் இருபத்திரண்டரைக்கும் 23-க்கும் இடையில்தான் விழும். அறிவிக்கையில் 24 என்று இருந்தால் மனதில் இருபத்திரண்டரை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கான என்டிஏ, அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்விலும் இதே பொறி. பயிற்சி தொடங்கும்போது பதினாறரை முதல் பத்தொன்பதரை வயது. கடைசி விண்ணப்பம் உங்கள் 18 வயதுக்கும் பதினெட்டரைக்கும் நடுவில் வந்துவிடும். நீட், ஜேஇஇ என்று ஒரு வருடம் வீட்டில் இருந்து படித்துவிட்டு என்டிஏவை யோசிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இப்படித்தான். பதினொன்றாம் வகுப்பில் இருப்பவர் விண்ணப்பிக்க முடியாது. பன்னிரண்டில் படித்துக்கொண்டிருப்பவர் விண்ணப்பிக்கலாம். அதாவது வழக்கமான வயதில் படிக்கும் மாணவருக்கு என்டிஏ இரண்டு, மிஞ்சினால் மூன்று முறைதான் கிடைக்கும்.

ஒரு தாளில் உங்கள் பிறந்த தேதியை எழுதி, அடுத்து வரும் ஒவ்வொரு ஜனவரி 1-க்கும் ஜூலை 1-க்கும் உங்கள் வயது என்ன என்று எழுதுங்கள். 24 நிறைவதற்கு முன் வரும் கடைசித் தேதியை வட்டமிடுங்கள். அதிலிருந்து 13 மாதம் பின்னால் எண்ணினால் வருவதுதான் உங்கள் கடைசி விண்ணப்பக் காலம். 2004 ஆகஸ்டில் பிறந்து 2026-இல் பி.இ. முடிக்கும் ஒருவருக்கு, 2026, 2027 இரண்டு வருடங்களிலும் வரும் நான்கு அஃப்கேட், அதே எண்ணிக்கையில் சிடிஎஸ் (பட்டதாரிகளுக்கு யுபிஎஸ்சி நடத்தும் முப்படைத் தேர்வு), அவ்வளவுதான் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு படிப்பது வேறு, தெரியாமல் படிப்பது வேறு.

2. வயது தளர்வு: யாருக்கு இல்லை, யாருக்கு உண்டு

பட்டியல் சாதி, பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் என எந்தப் பிரிவுக்கும் முப்படை அதிகாரி நுழைவில் வயது தளர்வு கிடையாது. ஒரே யுபிஎஸ்சிதான் சிவில் சர்வீஸும் நடத்துகிறது, சிடிஎஸ்ஸும் நடத்துகிறது. அதில் கிடைக்கும் தளர்வு இதில் கிடைக்காது. சாதிச் சான்றிதழ் என்டிஏ, சிடிஎஸ் தேர்வுக் கட்டண விலக்குக்கு உதவும், வயதுக்கு உதவாது.

அமெரிக்கப் படைகளில் வயது விலக்குக் கேட்டு மனுப் போடும் முறை இருக்கிறது. அந்த நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு "வெய்வர் எப்படி வாங்குவது" என்று தேடுகிறவர்கள் நிறைய. இந்திய விமானப்படையின் பறக்கும் பிரிவில் அப்படி ஒரு விண்ணப்பப் படிவமே இல்லை. வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் அது மோசடி. முன்பணம் 5,000 ஆனாலும் கொடுக்காதீர்கள்.

இருக்கும் ஒரே தளர்வு: சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வழங்கிய, செல்லுபடியாகும், நடப்பில் உள்ள வணிக விமானி உரிமம், அதாவது சிபிஎல் வைத்திருப்பவர்களுக்கு 24 என்பது 26 ஆகும். சிடிஎஸ், அஃப்கேட் இரண்டிலும் இது உண்டு, என்டிஏவில் இல்லை.

வயதோடு ஒட்டிய இன்னொரு நிபந்தனை திருமணம். 25 வயதுக்கு உட்பட்டவர் திருமணமாகாதவராக இருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் திருமணம் செய்தால் வெளியேற்றப்படுவதோடு அரசு செலவழித்த தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டிவரும். விண்ணப்பித்த பிறகு திருமணம் செய்துகொண்டாலும் தேர்வு ரத்தாகும். வீட்டில் பேச்சு எழும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

3. சிபிஎல் எடுத்து 26-ஐப் பிடிப்பது: செலவும் காலமும்

தளர்வு இருக்கிறது என்றவுடன் ஃப்ளையிங் ஸ்கூலைத் தேடி ஓடாதீர்கள். முதலில் காலக்கணக்கு.

சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஏர் ரெகுலேஷன், நேவிகேஷன், வானிலையியல், டெக்னிக்கல் தாள்கள், ரேடியோ தொலைபேசி உரிமம், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, எல்லாம் தனித்தனியே. மழைக்காலம், விமானப் பழுது, பயிற்றுநர் பற்றாக்குறை, தேர்வு முடிவு தாமதம் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒன்றரை வருடத்துக்குக் குறைவாக முடிப்பது அபூர்வம். இரண்டைத் தாண்டுவது சாதாரணம். செலவு அரைக் கோடி ரூபாயை ஒட்டி நிற்கும், தங்குமிடம் தனி.

பி.இ. முடித்து 22-இல் சேர்ந்தால் உரிமம் கையில் வரும்போது 24 ஆகியிருக்கும். 26 வரம்பு என்றாலும் முதல் படியில் பார்த்த அதே கணக்கின்படி, கடைசி விண்ணப்பம் இருபத்து நாலரைக்கும் 25-க்கும் இடையில். ஆக அரைக் கோடி செலவழித்து நீங்கள் வாங்குவது ஒன்றோ இரண்டோ வாய்ப்பு. அதிலும் எழுத்துத் தேர்வு, எஸ்எஸ்பி (படைத் தேர்வு வாரியம் பல நாள் நடத்தும் நேர்முகத் தேர்வு), விமானித் தேர்வுக் கருவிச் சோதனை, மருத்துவம் எதிலிருந்தும் விலக்கு இல்லை. எங்கள் கருத்து திட்டவட்டமானது: பயணிகள் விமானம் ஓட்டும் எண்ணமும் சேர்ந்தே இருந்தால் சிபிஎல் எடுங்கள். விமானப்படைக்காக மட்டும், கடன் வாங்கி, எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே சிபிஎல் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு பொறிகள். ஒன்று, அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ பயிற்சி பெற்று வாங்கிய உரிமம் போதாது. அதை டிஜிசிஏ உரிமமாக மாற்றியிருக்க வேண்டும். மாற்றத்துக்கான தேர்வுகளுக்கே பல மாதங்கள் போகும். இரண்டு, "செல்லுபடியாகும், நடப்பில் உள்ள" என்ற சொற்கள். உரிமப் புத்தகத்தில் தேதி மிச்சமிருந்தாலும் மருத்துவச் சான்று காலாவதியாகியிருந்தால் நடப்பில் இல்லை என்றே கொள்வார்கள். விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே மருத்துவத்தைப் புதுப்பித்துவிடுங்கள். பறந்த மணிக்கணக்கு ஏட்டில் பயிற்றுநர் கையொப்பம் விடுபட்ட பக்கங்கள் இருந்தால் அவர் பள்ளி மாறுவதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. எந்த வாசல்?

என்டிஏ: யுபிஎஸ்சி வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் பிரிவினருக்கும் இல்லை. கணிதத்துக்கு 300, பொது அறிவுத் திறனுக்கு 600, எஸ்எஸ்பிக்கு 900 மதிப்பெண். பெண்களும் எழுதலாம், ஆனால் பறக்கும் பிரிவில் அவர்களுக்கான இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சிடிஎஸ்: இதுவும் யுபிஎஸ்சி, வருடத்துக்கு இரண்டு. கட்டணம் 200. நிரந்தரப் பணி.

அஃப்கேட்: விமானப்படையே நடத்தும் கணினித் தேர்வு. கட்டணம் 550 ரூபாயும் ஜிஎஸ்டியும். 100 கேள்வி, 300 மதிப்பெண், இரண்டு மணி நேரம். சரிக்கு 3, தவறுக்கு 1 கழியும். பறக்கும் பிரிவில் 14 வருடக் குறுகிய காலப் பணி. பட்டதாரிப் பெண்களுக்கு முக்கிய வாசல் இதுதான்.

என்சிசி சிறப்பு நுழைவு: ஏர் விங் (விமானப்படைப் பிரிவு) சீனியர் டிவிஷன் 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லை, கட்டணமும் இல்லை, நேராக எஸ்எஸ்பி. இவ்வளவு நல்ல வாசலை ஏன் பலர் பயன்படுத்துவதில்லை என்றால், 'சி' சான்றிதழுக்குக் கல்லூரியின் முதல் வருடமே சேர்ந்தாக வேண்டும், கல்லூரியில் தரைப்படைப் பிரிவு மட்டும் இருந்தால் பயனில்லை. பிளஸ் டூ முடித்துக் கல்லூரி தேடும்போதே "ஏர் விங் இருக்கிறதா?" என்று கேளுங்கள். வயது வரம்பு இதற்கும் அதே 24.

கடற்படையின் விமானிப் பிரிவும் ஏறத்தாழ 24-ஐ ஒட்டிய வரம்புதான், பி.இ. அல்லது பி.டெக். 60 சதவீதத்தோடு வேண்டும். அதன் ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறும் இடம் அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி. தரைப்படையின் விமானப் பிரிவுக்கு, முதலில் அதிகாரியாகச் சேர்ந்து பிறகு மாறுவதே வழக்கமான பாதை.

விமானி ஆக விரும்புகிறவர்களுக்குச் சாதிவாரித் தளர்வு உள்ள சீருடை வழி கடலோரக் காவல்படை. உதவி கமாண்டன்ட் பொதுப்பணிக்கு 21 முதல் 25. ஒதுக்கீட்டு இடங்களில் பட்டியல் பிரிவினருக்கு 5 வருடமும் ஓபிசிக்கு 3 வருடமும் தளர்வு. பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் வேண்டும். அதிகாரியான பிறகு விமானிப் பயிற்சிக்குத் தேர்வாக வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. 24-ஐத் தாண்டியவர்கள் இதை அவசியம் பாருங்கள்.

5. குரூப், சதவீதம், அரியர்

என்டிஏவில் விமானப்படைக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்போ பயோ-மேத்ஸோ சரி. தாவரவியல், விலங்கியல் உள்ள தூய அறிவியல் குரூப் எடுத்தால் கணிதம் போய்விடும். அதோடு விமானி கனவும் போய்விடும். பதினைந்து வயதில் எடுக்கும் இந்த முடிவைப் பிறகு சரிசெய்ய வயது வரம்பு இடம் தராது.

அஃப்கேட்டுக்குப் பிளஸ் டூ இயற்பியல், கணிதம் ஒவ்வொன்றிலும் 50 சதவீதம். பட்டத்தில் 60 சதவீதம். மூன்று வருடப் பட்டம் எந்தப் பாடமானாலும் சரி. பி.ஏ. தமிழ் படித்தவரும் பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்ந்தவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். அஃப்கேட் அறிவிக்கை பிளஸ் டூ நிலையில் இயற்பியல், கணிதம் என்று கண்டிப்பாகக் கேட்கிறது. சிடிஎஸ் அறிவிக்கையிலோ "பிளஸ் டூ நிலையில் இயற்பியல், கணிதத்தோடு ஒரு பட்டம், அல்லது பொறியியல் பட்டம்" என்ற பொருளில் வாசகம் இருக்கிறது. எனவே உங்கள் வழி சிடிஎஸ். இரண்டையும் ஒன்றென்று நினைத்து 550 ரூபாயையும் ஆறு மாதத்தையும் இழக்காதீர்கள்.

இறுதி ஆண்டு மாணவர் விண்ணப்பிக்கலாம், ஆனால் அரியர் இருக்கக் கூடாது. எஸ்எஸ்பிக்குப் போகும்போது முதல்வர் கையொப்பமிட்ட, அரியர் இல்லை என்ற சான்று கேட்பார்கள். கல்லூரி அலுவலகத்தில் இதற்கு ஒரு வாரம் இழுத்தடிப்பார்கள். அழைப்பு வந்த அன்றே எழுதிக் கொடுங்கள். மதிப்பெண் சிஜிபிஏவில் இருந்தால் அதைச் சதவீதமாக மாற்றும் விதிமுறை அச்சிட்ட பல்கலைக்கழகத் தாளையும் சேர்த்து வையுங்கள்.

6. பிறந்த தேதியும் இனிஷியலும்

வயதுக்கு ஆதாரம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மட்டுமே. ஜாதகம், பிரமாணப் பத்திரம், நகராட்சிப் பிறப்புச் சான்று எதையும் யுபிஎஸ்சி ஏற்காது. பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் அந்தக் கூடுதல் வயதுதான் உங்கள் வயது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாராகும்போது, பள்ளி காட்டும் நகலில் பிறந்த தேதியை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு திருத்துவது மிகக் கடினம். முடிந்தாலும் அதற்குள் உங்கள் வாய்ப்புகள் தீர்ந்திருக்கும். விண்ணப்பத்தில் ஒருமுறை கொடுத்த தேதியைப் பிறகு மாற்ற அனுமதி இல்லை.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றில் "கார்த்திக் எஸ்", ஆதாரில் "எஸ் கார்த்திக்", பட்டச் சான்றில் "கார்த்திக் செல்வம்" என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒருவர்தான். வட இந்தியாவில் சான்றிதழ் சரிபார்க்கும் அலுவலருக்கு அது அப்படித் தோன்றாது. செய்ய வேண்டியது: பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள். ஆதாரை அதற்கு ஏற்ப இப்போதே திருத்துங்கள். அஃப்கேட் பதிவுக்கு ஆதார் கட்டாயம். வேறுபாடு சின்னதாக இருந்தால் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் ஒன்று எடுத்து வையுங்கள். பெயரே மாறியிருந்தால் எழுதுபொருள் அச்சுத்துறை வழியாக அரசிதழில் வெளியிட வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், எல்லா செமஸ்டர் பட்டியல்களும், புரொவிஷனல் அல்லது பட்டச் சான்று, அரியர் இல்லாச் சான்று, ஆதாரும் இன்னொரு படமுள்ள அடையாள அட்டையும், என்சிசி சான்று, சிபிஎல்காரர்களுக்கு உரிமம், மருத்துவச் சான்று, பறந்த மணிக்கணக்கு ஏடு. அசல் ஒரு உறை, இரண்டு நகல்கள் இன்னொரு உறை.

7. கண்: வயதோடு மோதும் இன்னொரு கடிகாரம்

விமானிக்கு ஒரு கண் 6/6, மற்றது 6/9, அதுவும் 6/6-க்குத் திருத்தக்கூடியதாக. கிட்டப்பார்வை சிறிதும் கூடாது. கண்ணாடி போட்டவர்கள் இங்கேதான் பார்வையைத் திருத்தும் லேசிக் எனும் லேசர் அறுவையை நினைக்கிறார்கள். பட்டதாரி நுழைவில் லேசிக், இன்னொரு லேசர் முறையான பிஆர்கே இரண்டும் ஏற்கப்படுகின்றன. என்டிஏவில் ஏற்கப்படுவதில்லை, எனவே 17 வயதில் அறுவை செய்துகொள்வது இரட்டைத் தவறு. என்டிஏவுக்கும் உதவாது, பட்டதாரி நுழைவையும் அடைத்துவிடும்.

நிபந்தனைகள் இவை. 20 வயது நிறைவதற்கு முன் அறுவை செய்திருக்கக் கூடாது. அறுவைக்குப் பின் 12 மாதம் எந்தச் சிக்கலும் இல்லாமல் கழிந்திருக்க வேண்டும். கண்ணின் அச்சு நீளம், அதாவது விழியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரையிலான நீளம், 25.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அறுவைக்குப் பின் கருவிழித் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. அறுவைக்கு முன் பவர் 6-ஐத் தாண்டியிருந்தால் தகுதியில்லை.

இதை வயதோடு வைத்துப் பாருங்கள். 20-க்குப் பிறகு அறுவை, 21-க்குப் பிறகு மருத்துவச் சோதனை, இருபத்திரண்டரையில் கடைசி விண்ணப்பம். அறுவைக்கு ஏற்ற காலம் 20-ஆவது பிறந்தநாளுக்கும் இருபத்தொன்றரைக்கும் இடையில். பொறியியல் மாணவருக்கு அது இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டுக் கோடை விடுமுறை. அதைத் தள்ளிப்போட்டால் 12 மாதம் முடிவதற்குள் வாய்ப்பு முடியும்.

கண் மருத்துவமனையில் பணம் கட்டும் முன் ஐஓஎல் மாஸ்டர் கருவியில் அச்சு நீளம் அளக்கச் சொல்லுங்கள். 25.5-க்கு மேல் இருந்தால் அறுவை எவ்வளவு சிறப்பாக முடிந்தாலும் விமானிக்குத் தேறாது. அச்சு நீளத்தை எந்த அறுவையும் குறைக்காது. தடிமன் எவ்வளவு மிஞ்சும் என்றும் மருத்துவரிடம் முன்கூட்டிக் கேளுங்கள். விமானப்படைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், 450-க்கு மேல் மிஞ்ச வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அறுவைக்கு முந்தைய பவர், அளவுகள், அறுவைக் குறிப்பு எல்லாவற்றையும் தேதியோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ரேடியல் கெரட்டாட்டமி எனும் பழைய முறை எந்தப் பிரிவுக்கும் ஏற்கப்படாது. புதிய பெயரில் வேறு முறை சொன்னால், அந்தப் பெயர் அறிவிக்கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சம்மதியுங்கள்.

8. உடலளவு

உயரம் குறைந்தது 162.5 செ.மீ. கால் நீளம் 99 முதல் 120, உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96, தொடை நீளம் 64-க்குள். உயரம் போதுமானதாக இருந்தும் கால் நீளம் 99-ஐத் தொடாமல் திரும்புகிறவர்கள் உண்டு. விமானி இருக்கையில் அமர்ந்து ரடர் மிதியை (விமானத்தைத் திருப்பும் கால் மிதி) எட்ட வேண்டும், அவசரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்படும்போது முழங்கால் கருவிப் பலகையில் இடிக்கக் கூடாது என்பதற்காக வைத்த அளவுகள் இவை. இதில் விலக்குக் கிடையாது. படிப்பில் இரண்டு வருடம் போடுவதற்கு முன் வீட்டிலேயே ஒருமுறை அளந்துவிடுங்கள்.

9. எஸ்எஸ்பியும், வாழ்நாளில் ஒரே ஒரு முறை எழுதும் சோதனையும்

விமானப்படைத் தேர்வு வாரியங்கள் மைசூரு, டேராடூன், காந்திநகர், வாரணாசி போன்ற இடங்களில் உள்ளன. தேர்ந்தெடுக்க வாய்ப்புத் தந்தால் நமக்கு மைசூரு வசதி: சென்னையிலிருந்து காவேரி எக்ஸ்பிரஸ், தென் மாவட்டங்களுக்குத் தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸ். அந்த வகை நுழைவுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகலையும் வைத்திருங்கள்.

முதல் நாளே அறிவுத்திறன் தேர்வும் படம் பார்த்துக் கதை எழுதி விவாதிக்கும் சோதனையும் நடக்கும்; தேறாதவர்கள் அன்றே திரும்ப வேண்டியதுதான். தேறினால் உளவியல், குழுப் பணிகள், நேர்காணல் என்று நாலைந்து நாள். எஸ்எஸ்பியில் தோற்றால் வயது இருக்கும்வரை மீண்டும் வரலாம்.

மீண்டும் வர முடியாதது சிபிஎஸ்எஸ் எனும் கணினிவழி விமானித் தேர்வுச் சோதனை. கருவிகளின் அளவைப் படித்து விமானத்தின் நிலையைச் சொல்வது, கையாலும் காலாலும் ஒரே நேரத்தில் புள்ளியைக் கட்டுப்படுத்துவது போன்றவை இருக்கும். இதில் ஒருமுறை தோற்றால் வாழ்நாள் முழுக்க எந்த நுழைவிலும் பறக்கும் பிரிவுக்கு வர முடியாது. 17 வயதில் என்டிஏவுக்காக எழுதித் தோற்றவர், 22 வயதில் அஃப்கேட் வழியாக வந்தாலும் செல்லாது. பயிற்சியின் நடுவில் பறப்பதிலிருந்து நீக்கப்பட்டவருக்கும் இதே தடை. பழைய தோல்வியை மறைத்து விண்ணப்பிக்காதீர்கள், பதிவேட்டில் தெரிந்துவிடும்.

ஆகவே "சும்மா ஒரு அனுபவத்துக்கு" என்று என்டிஏ எஸ்எஸ்பிக்குப் போகிறவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்துத் தேர்வை அனுபவத்துக்கு எழுதலாம். சிபிஎஸ்எஸ்ஸை எழுதக் கூடாது. விமானத்தின் ஆறு அடிப்படைக் கருவிகள் என்ன சொல்கின்றன என்பதை முன்பே படியுங்கள். குறிப்பாகச் செயற்கை அடிவானமும் திசைகாட்டியும் சேர்ந்து காட்டும் நிலையைச் சட்டென்று படிக்கப் பழகுங்கள். முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். அறையில் விளக்கம் சொல்லும்போது புரியாவிட்டால் கையை உயர்த்திக் கேளுங்கள். சோதனை தொடங்கிய பிறகு யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

10. மருத்துவமும் மேல்முறையீடும்

பரிந்துரைக்கப்பட்டவர்களுக்கு மருத்துவச் சோதனை டெல்லியில் உள்ள விமானப்படை மத்திய மருத்துவ நிலையத்திலோ பெங்களூரு வான்மருத்துவ நிறுவனத்திலோ நடக்கும். வாரக்கணக்கில் தங்க நேரலாம். போகும் முன் காது மெழுகை எடுத்து, பல் சொத்தைகளை அடைத்து, உயரத்துக்குரிய எடையில் இருங்கள். சின்னச் சின்னக் காரணங்களுக்காகத் தற்காலிகத் தகுதியின்மை வாங்கினால் அதைச் சரிசெய்து காட்டும் நாட்கள் மிகக் குறைவு.

தகுதியில்லை என்றால் அங்கேயே மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்கான வழிமுறையைத் தாளில் தருவார்கள். குறித்த நாட்களுக்குள் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். ஊருக்கு வந்து குடும்ப மருத்துவரிடம் காட்டிவிட்டு யோசிக்கலாம் என்று தள்ளாதீர்கள். உங்களுக்கு அடுத்த வருடம் வயது இருக்காது என்றால், இந்த மேல்முறையீடுதான் கையில் மிஞ்சியிருக்கும் ஒரே வழி. சொன்ன காரணத்தை எழுத்து மாறாமல் குறித்துக்கொண்டு, அரசு மருத்துவமனை நிபுணரிடம் அதே காரணத்துக்கு மட்டும் சோதனை செய்து அறிக்கையோடு போங்கள்.

11. 24 தாண்டிவிட்டது என்றால்

அஃப்கேட்டின் தரைப்பணிப் பிரிவுகளுக்கு வரம்பு 26, சிபிஎல் தேவையில்லை. தொழில்நுட்பம், நிர்வாகம், கணக்கு, வானிலை எனப் பிரிவுகள் உண்டு. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் போர்விமானங்களை ரேடாரிலிருந்து வழிநடத்துகிறவர்களும் நிர்வாகப் பிரிவிலிருந்தே வருகிறார்கள். ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு சேருங்கள்: தரைப்பணியில் சேர்ந்துவிட்டுப் பிறகு விமானியாக மாறலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விமானம் ஓட்டியே ஆக வேண்டும் என்பவர்களுக்குக் கடலோரக் காவல்படையும், டிஜிசிஏ உரிமத்தோடு பயணிகள் விமானத் துறையும் இருக்கின்றன. கடலோரக் காவல்படைக்கும் வயது நாள் கணக்குத்தான். அறிவிக்கை வந்ததும் முதலில் பிறந்த தேதி வரம்பைப் பாருங்கள். ஓபிசிக்காரர்கள் மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் அல்லாதவர் என்ற சான்றிதழை அதற்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கி வைத்திருங்கள். மாநில அரசின் சாதிச் சான்றிதழை மட்டும் கொண்டுபோனால் அந்த 3 வருடத் தளர்வு கிடைக்காது.